மாவுக் களத்தில் கறுப்புக் கண்ணாடி

நெட்டச்சி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாவுக் களத்தில் ஏறிய காலையில், முதலில் சிரித்தவள் அவளுடைய நாத்தனார்தான்.

"அண்ணி, கார் எங்க நிறுத்தியிருக்கீங்க?"

களத்தில் நின்ற மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரிக்கும்படியாகத்தான் இருந்தது. அது ஆம்பளைக் கண்ணாடி. தங்க நிற விளிம்பு. ஓரத்தில் விலைச் சீட்டு பாதி கிழிந்தும் கிழியாமலும் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைத்துணியை இறுக்கிக் கட்டி, செருப்பைக் கழற்றிக் குழாயடியில் கால் கழுவிவிட்டு வந்தவள் முகத்தில் அது தெருக்கூட்டப் போனவனுக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

"சிரிங்க. நல்லா சிரிங்க. யார் யார் சிரிக்கிறீங்கன்னு இப்பதான் எனக்குக் கண்ணு தெரியுது" என்றாள் நெட்டச்சி.

அவள் வலது கண்ணின் மூக்கோரத்திலிருந்து ஒரு சதை வளர்ந்து கருவிழி மேலே ஏறியிருந்தது. எரிச்சல் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "எங்க வேலை பார்க்கிறீங்க? பனிமலையிலயா?" என்று கேட்டாள்.

"மரவள்ளி மாவு மில்லுல. மாவு காயவைக்கிற களத்துல."

"வெள்ளைத் தரை, வெள்ளை மாவு, மேல வெயில். ரெண்டும் ஒண்ணுதான். இந்தச் சதையை வெட்டி எடுக்கலாம். ஆனா திரும்ப அங்கேயே போய் நின்னா திரும்ப வளரும். இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. கறுப்புக் கண்ணாடி இல்லாம இனி அந்தக் களத்துல ஏறாதீங்க. ஏறினீங்கன்னா அந்தக் கண்ணும் போயிடும்."

ஏறாமல் இருக்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரி வாசலில் பிளாட்பாரக் கடையில் கிடைத்த கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள்.

மில் என்றால் பெரிய மில். லாரியில் வரும் கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, சலித்தால் பால் வரும். பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படிந்து கட்டியாகும். மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, கட்டியை மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் சுமந்து களத்தில் கொட்டுவார்கள். அப்புறம் பெண்கள் பாடு. கட்டியை உதிர்த்து, வெறுங்காலால் மிதித்து, காலாலேயே உழுதுகொண்டு போகவேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் முன்னும் பின்னும் நடை. பார்வை தரையை விட்டு எழும்பக் கூடாது. தோல் துணுக்கு, தூசி, பூச்சி எது கிடந்தாலும் பொறுக்கி எடுக்கவேண்டும். அந்தத் தரை பார்க்கிறவர் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். உச்சி வெயிலில் கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும்.

மாவில் இரண்டு சாதி. அடியில் படிவது வெள்ளை. அது பிஸ்கட்டுக்கும், பாட்டிலில் அடைக்கிற சாஸுக்கும், மாத்திரை செய்கிற கம்பெனிக்கும் போகும். மேலே படிவது பழுப்பு. அது அட்டைப்பெட்டி ஒட்டும் பசைக்கும், நூல் ஆலையில் நூலை விறைப்பாக்கவும், காகித ஆலைக்கும் போகும்.

"காய்ச்சல் வந்தா நாம மிதிச்ச மாவையே நாம முழுங்குறோம். அதான் நமக்கு எந்த மாத்திரையும் கேக்க மாட்டேங்குது" என்பாள் வாயாடி. களத்தில் அவள் வாய் மூடினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

மேஸ்திரிக்குத் தொப்பி என்று பெயர். அகலமான விளிம்பு வைத்த தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. நிற்பதும் கிடங்கு நிழலில்தான். அன்று நிழலிலிருந்து களம் வரைக்கும் வந்துவிட்டார்.

"என்னம்மா இது வேஷம்? கழட்டு."

"டாக்டர் போடச் சொன்னாங்க, மேஸ்திரி."

"டாக்டர் மாவு விக்கிறாங்களா? கறுப்புக் கண்ணாடி போட்டா வெள்ளை எது, பழுப்பு எதுன்னு எப்படித் தெரியும்? ஒரு கூடை பழுப்பு வெள்ளையில கலந்துச்சுன்னா பிஸ்கட் கம்பெனிக்காரன் மொத்த லோடையும் திருப்பி அனுப்புவான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நெட்டச்சி அதை யோசிக்காமல் வரவில்லை.

"பிரிக்கிறது காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. அப்ப கழட்டிக்கறேன். அப்புறம் சும்மா உழுது காயவைக்கிறதுதானே? அதுக்கு எதுக்கு நிறம்?"

"நீ எனக்கு வேலை சொல்லித் தர்றியா?"

"சொல்லித் தரல. கேட்டீங்க, சொன்னேன்."

தொப்பிக்குப் பத்துப் பெண்கள் பார்க்கிறார்கள் என்பது உறைத்தது. அதற்கு மேல் அது மாவைப் பற்றிய பேச்சாக இல்லை.

"கழட்டு. இல்லாட்டி திப்பிக் களத்துக்குப் போ."

திப்பி என்பது பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. மில்லுக்குப் பின்னால் அது காயும் இடத்தில் புளித்த நாற்றம் அடிக்கும். ஈ மொய்க்கும். வேலைக்கு ஆகாதவர்கள் என்று முத்திரை விழுந்தவர்களைத்தான் அங்கே தள்ளுவார்கள். அங்கே போனவர்கள் யாரும் திரும்ப மாவுக் களத்துக்கு வந்ததில்லை.

"கழட்டவும் மாட்டேன், போகவும் மாட்டேன்" என்றாள் நெட்டச்சி.

"அப்ப உன் பேர் எழுத மாட்டேன். இன்னிக்கு நீ வேலைக்கே வரல."

"எழுதாதீங்க."

அவள் திரும்பி நடந்தாள். மாவைக் காலால் உழுதுகொண்டே அந்தக் கோடி வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி உழுதுகொண்டே வந்தாள். தொப்பி இன்னும் அங்கேயே நின்றார். வேலைக்கு வராதவள் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு முதலாளியும் பிஸ்கட் கம்பெனி ஆபீசரும் வர்றாங்க. அப்ப இந்தக் கோலத்தோட உன்னை இங்க பார்த்தேன், அப்புறம் இந்த மில் கேட்டையே நீ பார்க்க முடியாது. சொல்லிட்டேன்."

"கேட்டைப் பார்க்கவாவது கண்ணு வேணும்ல, மேஸ்திரி."

வாயாடி மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். நாத்தனார் முகம் சுருங்கிவிட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் விடவில்லை. "உங்களுக்கு ஏன் அண்ணி இந்த வீம்பு? நாளைக்கு ஒரு நாள் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டா என்ன? உங்களை வெளிய தள்ளினா அடுத்தது என்னைத்தான் பார்ப்பான். ஒரே வீட்டு ஆளுன்னு."

"நாளைக்குக் கழட்டினா நாளன்னைக்கு எப்படிப் போடுறது?"

நாத்தனார் பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நெட்டச்சி அடுப்பைப் பற்றவைத்தாள். காய் வெந்த சாறு தண்ணீராக ஓடியது. ஒரு கரண்டி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறினாள். இறுகி வந்தது. மாவு அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் இருந்தது. மகளின் பள்ளிச் சட்டைக் காலர் விறைப்பாக நிற்பது அதனால். அவள் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டியதும் அதை வைத்துத்தான்.

நெட்டச்சியின் புருஷன் அதே மில்லில் மூட்டை தூக்குகிறவன். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்தான். அவள் சொல்வதற்கு முன்பே செய்தி அவன் காதுக்கு வந்துவிட்டிருந்தது.

"லோடு ஏத்துற இடமெல்லாம் உன் பேச்சுதான். நடிகை புருஷன்னு கூப்பிடுறானுங்க."

"பெருமையா இல்ல?"

"விளையாடாத. கழட்டிட்டுப் போயேன். கொஞ்சம் எரியும், அவ்வளவுதானே?"

நெட்டச்சி கரண்டியை வைத்துவிட்டு அவன் முன்னால் வந்து குந்தினாள். விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "பாரு."

"என்ன பார்க்கிறது?"

"என் கண்ணைப் பாரு. எத்தனை வருஷமாச்சு நீ பார்த்து? சோத்துத் தட்டைத்தான் பார்க்கிற."

அவன் பார்த்தான். கருவிழியின் மேல் தேங்காய்த் துண்டு மாதிரி ஏறியிருந்த சதையைப் பார்த்தான். பிறகு இடது கண்ணின் ஓரத்தில் முளைவிட்டிருந்ததையும் பார்த்தான்.

"வலிக்குதா?"

"எரியுது. அவ்வளவுதானே" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் கழட்டச் சொல்லவில்லை. சாப்பிடும்போது இரண்டு தடவை தட்டிலிருந்து தலை தூக்கி அவளைப் பார்த்தான்.

வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அண்ணி, களத்துல இருந்து கிடங்குக்குள்ள போறப்ப உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. பச்சையாத் தெரியும். கொஞ்ச நேரம் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"நானும்தான் நிப்பேன். எனக்கு மட்டும்தான் அப்படின்னு நெனச்சேன். சொன்னா திப்பிக்கு அனுப்பிடுவான்னு வெளிய சொல்லல." நாத்தனார் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "ஊசியில நூல் கோர்க்க இப்பல்லாம் என் பொண்ணைக் கூப்பிடுறேன்."

"சரி. கண்ணாடி வாங்கிப் போடு."

"இப்ப எந்தக் கடை திறந்திருக்கும்? கடைக்காரன் வர்றதே பத்து மணிக்கு மேல." அவள் மடியிலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்தாள். "இது ஆகுமான்னு பாருங்க."

உள்ளே எக்ஸ்ரே படம். அவள் மாமியார் வழுக்கி விழுந்தபோது இடுப்புக்கு எடுத்தது. நெட்டச்சி அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். விளக்கு மங்கலாக, கண்ணுக்கு இதமாகத் தெரிந்தது.

"ஆகும்" என்றாள்.

அட்டைப்பெட்டிக்கு மில்லில் பஞ்சமில்லை. புருஷன் நான்கு பெட்டியைப் பிரித்துக் கொண்டுவந்தான். செய்தி சுவர் தாண்டிப் போயிற்று. வாயாடி வந்தாள், அவள் பின்னால் களத்துப் பெண்கள் மற்ற எட்டுப் பேரும். ஆளுக்கொரு எக்ஸ்ரே. நெஞ்சு, முழங்கை, யாருடையதோ தாடை. எந்த வீட்டில்தான் ஒரு எலும்பு முறியவில்லை? நாத்தனார் பசை காய்ச்சினாள். வெள்ளைத் தண்ணீராகக் கிடந்த மாவு, சூடு ஏறியதும் சட்டென்று நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளிந்து, கரண்டியைப் பிடித்து இழுத்தது. அட்டையை வெட்டி, எக்ஸ்ரேயை இடையில் வைத்து, பசை தடவி ஒட்டி, அம்மிக்கல்லை மேலே வைத்து அழுத்தினார்கள். காதில் மாட்டச் சணல் கயிறு.

"ஊருக்கே பெட்டி ஒட்டுற மாவு. நம்ம மூஞ்சியில ஒட்டாதா?" என்றாள் வாயாடி.

மறுநாள் காலை, பழுப்பையும் வெள்ளையையும் பிரித்து முடித்து, வெயில் களத்தின் நடுவுக்கு வந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். தொப்பி கிடங்கிலிருந்து வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பதினொரு முகம். அட்டைப்பெட்டி விளிம்பில் எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றது. ஒருத்தி நெற்றியில் 'உடையும் பொருள்' என்று இருந்தது.

"என்ன கூத்து இது?"

"என் மாமியார் இடுப்பு வழியா உலகத்தைப் பார்க்கிறேன், மேஸ்திரி" என்றாள் நாத்தனார். "நல்லாத்தான் இருக்கு. முன்னாடியே பார்த்திருக்கணும்."

நேற்று வரைக்கும் குனிந்துகொண்டிருந்தவள் அவள். நெட்டச்சியே திரும்பிப் பார்த்தாள்.

தொப்பி கத்தினார். கழட்டுங்கள் என்றார், எல்லோரையும் திப்பிக்கு அனுப்பிவிடுவேன் என்றார். ஆனால் தொட்டிகளில் கட்டி வெட்டிக் கிடந்தது. அன்றைக்கே களத்தில் பரப்பாவிட்டால் புளித்துவிடும். புளித்த மாவை யாரும் தின்னவும் மாட்டார்கள், மாத்திரையாக்கவும் மாட்டார்கள். பதினொரு பேரையும் திப்பிக்கு அனுப்பினால் இதை யார் மிதிப்பது? அவரே மிதிக்க வேண்டியதுதான். வேறு வழியில்லாமல் நிழலுக்குப் போனார்.

வேலை நடந்தது. வெளிச்சம் மங்கி, தரை தரையாகத் தெரிந்தது. வாயாடி பாட்டுக்கூடப் பாடினாள்.

வெயில் ஏற ஏற வியர்வை வடிந்தது. மாவுப் பசை அட்டையில் நிற்கும், காகிதத்தில் நிற்கும். ஈரத்தில் நிற்காது. அதை நாள் முழுக்க மாவில் புரளும் பதினொரு பேரில் ஒருத்தியும் முந்தின நாள் நினைக்கவில்லை. முதலில் வாயாடியின் கண்ணாடி இளகியது. ஒரு பக்கம் தொங்கி, எக்ஸ்ரே வழுக்கி விழுந்தது. அடுத்து நாத்தனாருடையது.

"ஐயோ, மாமியார் இடுப்பு மாவுல விழுந்துடுச்சு!"

ஓடிப் பொறுக்கினாள். அதற்குள் இன்னொன்று. கூழாகிப்போன அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். வெள்ளை மறுபடியும் மூஞ்சியில் அறைந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் உள்ளே வந்தது.

தொப்பிக்கு முகம் மலர்ந்தது. "ஆச்சா கூத்து? தூக்கிப் போடுங்க குப்பையை. வேலையைப் பாருங்க. நெட்டச்சி, நீ உன்னோடதையும் கழட்டிட்டு வெளிய நட."

நெட்டச்சி காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி இறங்கினார். பின்னால் பிஸ்கட் கம்பெனி ஆபீசர் இறங்கினார். இரண்டு பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். முதலாளி எப்போதுமே அப்படித்தான் வருவார். இத்தனை வருஷமாக அது யார் கண்ணிலும் பட்டதில்லை.

"மேஸ்திரி," என்றாள் வாயாடி உரக்க. "அவங்களையும் கழட்டச் சொல்லுங்க. மாவு வெள்ளையா பழுப்பான்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல."

நெட்டச்சி களத்தை விட்டு இறங்கினாள். "எல்லாரும் இறங்குங்க" என்றாள். ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கிடங்குச் சுவரோரம் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

முதலாளி வந்தார். "என்னம்மா, ஸ்டிரைக்கா?"

"இல்ல, முதலாளி. வேலை செய்யத்தான் வந்திருக்கோம். கண்ணாடி இல்லாம களத்துல ஏற முடியாது. இருக்கிறது ஒரு கண்ணாடி. அதனால ஒருத்தர் ஏறுவாங்க. முறை வெச்சுக்கிட்டு ஏறுறோம்."

சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றி, துணியில் துடைத்து, நாத்தனாரிடம் கொடுத்தாள்.

நாத்தனார் வாங்கினாள். தங்க விளிம்பை மாட்டிக்கொண்டு, குழாயடியில் மறுபடியும் கால் கழுவி, களத்தில் ஏறினாள். ஒரு லாரி நிறைய மாவு காயும் களத்தில் ஒற்றைப் பெண் நடந்தாள். அவசரப்படாமல், ஒழுங்காக, காலால் உழுதுகொண்டே போனாள். அந்தக் கோடியை அடைந்து திரும்பி வருவதற்குள் முதலாளி இரண்டு தடவை கடிகாரம் பார்த்துவிட்டார்.

"இப்படி நடந்தா என்னைக்கும்மா முடியும்?"

"அது முடியிறப்ப முடியும்" என்றாள் நெட்டச்சி.

"நான் வேற ஆள் கூட்டிட்டு வருவேன்."

"கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் கண்ணுதான் இருக்கும்."

ஆபீசர் குனிந்து ஒரு பிடி மாவை எடுத்தார். அதைக் கிடங்கு நிழலுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிறம் பார்த்தார். பத்துப் பெண்களும் அதைப் பார்த்தார்கள். தொப்பியும் பார்த்தார். ஆபீசர் மூக்கைச் சுளித்தார். "தொட்டிப் பக்கம் ஏதோ வாசனை வருதே?"

புளிப்பு தொடங்கியிருந்தது. முதலாளி தொப்பியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அடங்கின குரலில்தான் சொன்னார், ஆனால் தொப்பியின் காது சிவந்துவிட்டது. தொப்பி பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது ஒரு பையில் கண்ணாடிகள் இருந்தன. எல்லாமே பிளாட்பாரச் சரக்கு. ஒன்று சிவப்பு விளிம்பு, ஒன்று சின்னப் பிள்ளைகளுடையது. நாத்தனார் இறங்கி வந்து எண்ணிப் பார்த்தாள். ஆறு.

"இவ்வளவுதான் இருந்துச்சு" என்றார் தொப்பி. "போட்டுக்கிட்டு எல்லாரும் ஏறுங்க."

"பசை போட்டு ஒட்டினது இல்லியே?" என்று வாயாடி ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளிம்பை எடுத்துக்கொண்டாள். ஆறு பேர் மாட்டிக்கொண்டு கால் கழுவி ஏறினார்கள். நாத்தனார் தங்க விளிம்போடு ஏழாவதாக ஏறினாள். மற்ற நான்கு பேரும் எழுந்திருக்கவில்லை. அதில் நெட்டச்சியும் ஒருத்தி.

முதலாளி நின்று பார்த்தார். "அதான் வாங்கியாச்சேம்மா. நீங்களும் ஏறுங்களேன். இன்னிக்கு ஒரு நாள்தானே."

"நேத்தும் ஒரு நாள்தான், முதலாளி."

"உன் கண்ணாடியை நீ ஏன் அவகிட்ட கொடுத்தே? வாங்கிப் போட்டுக்க."

"கொடுத்தது கொடுத்ததுதான். அவ மாமியார் இடுப்பு கரைஞ்சு போச்சு."

களத்திலிருந்து சிரிப்பு வந்தது. நெட்டச்சி சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். வலது கண் எரிந்தது. அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் தொப்பியைப் பார்த்தாள். அவர் பைக் பக்கத்தில், போகவா வேண்டாமா என்று நின்றிருந்தார்.

"மேஸ்திரி, நான் இன்னிக்கு வேலைக்கு வந்திருக்கேன். பேரை எழுதிட்டுப் போங்க. வர்றப்ப நாலு கண்ணாடி. எனக்குச் சின்ன விளிம்பா பாருங்க, அது மூக்குல நிக்க மாட்டேங்குது."

தொட்டிப் பக்கமிருந்து புளிப்பு இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தது. முதலாளி மேஸ்திரியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். தொப்பி பைக்கை உதைத்தார். முதல் உதைக்குக் கிளம்பவில்லை.